மச்சான், கயித்தைப் பிடி

மன்னாருக்குப் போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. காண்கிற ஆட்களெல்லாம் எங்களிடம் கேட்பது இரண்டு கேள்விதான். "டைவிங் எப்பிடி? பயமா இருந்ததா?" என்பது ஒன்று. "ஆக்கள் எப்பிடி? புதுசா ஆரும் பிரெண்ட்ஸ் ஆனவையா?" என்பது மற்றது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். கடல் ஒரு பக்கம், சிநேகிதம் இன்னொரு பக்கம். போகும்போது நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இப்போது எங்களிடம் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில் என்பதால் எழுதிவிடுகிறோம்.

நாங்கள் 7 பேர் போனோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், கொழும்பு என்று நாலு திக்கிலிருந்தும் சேர்ந்தவர்கள். 3 பேர் பெண்கள். ஒருவருக்கும் டைவிங் தெரியாது. இரண்டு பேருக்கு நீச்சலே அரைகுறை. எல்லோரிடமும் இருந்தது ஒரு வட்ஸ்அப் குழுவும் ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பும் மட்டும்தான்.

ஆருக்கு ரிமோட்?

அந்த வட்ஸ்அப் குழுவுக்கு எங்களில் ஒருவர் 'ரிமோட் ஐலண்ட் ட்ரிப்' என்று பெயர் வைத்திருந்தார். மன்னாரில் இறங்கிய அன்று பின்னேரம், எங்களைக் கூட்டிப் போக வந்த பெடியன் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான்: "ஆருக்கு ரிமோட்? எங்களுக்குக் கொழும்புதான் ரிமோட்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் அந்த இரவு அது எங்களை விடவில்லை. மன்னார் எப்போது ஒதுக்குப்புறம் ஆனது? 1914இல் தலைமன்னார்த் துறையும் தனுஷ்கோடியும் கப்பலால் இணைக்கப்பட்டன. சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். இரு கரைக்கும் இடையில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் கடல்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலையும் யுத்தம் நிறுத்திவிட்டது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பல் ஏறியதும் இதே துறையில்தான். எங்களோடு வந்த ஹட்டன் தோழியின் அப்பாயியின் அக்கா அப்படிப் போனவர். துருப்பிடித்த அந்தத் துறைமேடையின் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுக்க, அவள் மட்டும் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆக, இது தொலைவான தீவு அல்ல. பாதைகள் ஒவ்வொன்றாக அறுந்து தொலைவாக்கப்பட்ட தீவு. 'ரிமோட்' என்ற சொல்லை அன்று இரவே குழுவின் பெயரிலிருந்து எடுத்துவிட்டோம். அதை ஒரு பெரிய விசயமாகச் சொல்லவில்லை. ஆனால் 'ஆருமில்லாத தீவு, ஆரும் தொடாத கடல்' என்று எழுதுகிற ஒவ்வொரு பயணப் பதிவும், அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆட்களை அழித்துவிட்டுத்தான் படத்தை அழகாக்குகிறது. எங்களுக்குச் சொல்ல இருக்கிற முதல் விசயம் இது.

இரண்டு விதி

அடுத்த நாள் ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி. பயிற்சியாளர் இரண்டு விதிகளைச் சொன்னார். மூச்சை ஒருபோதும் அடக்காதே. ஒருபோதும் தனியே போகாதே. முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காது அடைத்தால் மூக்கைப் பொத்தி ஊதுவது, கைச்சைகைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

கைச்சைகையில் ஒரு கூத்து நடந்தது. கடலுக்குள் பெருவிரலை உயர்த்திக் காட்டினால் 'சூப்பர்' என்று அர்த்தம் இல்லை. 'மேலே போவோம்' என்று அர்த்தம். எங்களில் ஒருவர் முதல் மீனைக் கண்ட சந்தோசத்தில் பெருவிரலைக் காட்ட, துணைக்குப் போனவர் அவரைப் பக்குவமாக மேலே கொண்டுவந்து விட்டுவிட்டார். அவருடைய முதல் டைவிங் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இன்று வரைக்கும் நாங்கள் அவருக்குப் பெருவிரல்தான் காட்டுகிறோம்.

மூன்றாம் நாள் சிலாவத்துறைப் பக்கமிருந்து படகில் போனோம். மாசி மாதம், தென்கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் இப்படி இறங்க ஏலாது என்றார்கள். அடியில் இருந்தது மணல் இல்லை, பாறைத் தரை. இங்குள்ளவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். மீனும் சிப்பியும் சங்கும் எங்கே கிடைக்கும் என்று சொல்ல இந்த ஒரு சொல் போதும் அவர்களுக்கு. 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். குழம்புச் சட்டிக்குள் மட்டும் கண்டிருந்த ஓராவும் கிளிமீனும் உயிரோடு கூட்டமாகப் போவதைக் கண்டோம். ஒரு கலவாய் கல்லிடுக்கில் இருந்தபடி எங்களை முறைத்துப் பார்த்தது. காதுக்குள் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பயம் இருந்ததா என்றால், இருந்தது. பக்கத்தில் இன்னொருவரின் கை இருந்ததால் அது பயமாக மட்டும் இருக்கவில்லை.

அந்தக் கைக்குரியவர்களை எங்களுக்கு இரண்டு நாளாகத்தான் தெரியும். எருக்கலம்பிட்டிப் பெடியன் ஒருவன், பேசாலைப் பெடியன் ஒருவன். குருநாகலிலிருந்து டைவிங் பழக வந்திருந்த இரண்டு சிங்களப் பெடியளும் எங்களோடு சேர்ந்திருந்தார்கள். தண்ணீருக்குள் பாசை இல்லை. 'காற்று எவ்வளவு இருக்கு', 'காது சரியா', 'நான் இஞ்ச இருக்கிறன்' என்று கைதான் பேசுகிறது. மேலே வந்த பிறகு, அரைகுறைச் சிங்களமும் அரைகுறைத் தமிழும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன.

கயிற்றின் மறுமுனை

நீச்சல் தெரியாத எங்கள் இருவர் படகிலேயே இருந்தார்கள். அவர்களுக்குத்தான் நல்ல கதை கிடைத்தது. படகோட்டிய ஐயாவுக்கு 60 வயதுக்கு மேல். இளமையில் சங்கு குளித்தவர். சிலிண்டர் இல்லாமல், மூச்சுப் பிடித்து. "அந்தக் காலத்தில முத்துக் குளிச்சவங்கள் கயித்தை ஆரிட்டக் குடுப்பாங்கள் தெரியுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

முத்துக்குளிப்பில் ஒருவர் கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு கீழே இறங்குவார். மற்றவர் மேலே படகில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பிந்தினால் முடிந்தது கதை. "அண்ணன் தம்பியிட்டக் குடுக்க மாட்டான். சொத்துப் பங்கு இருக்கெல்லே! மச்சானிட்டத்தான் குடுப்பான். மனுசியின்ர சகோதரன். அவன் கையை விட்டா, தாலி அறுக்கிறது அவன்ர சொந்தத் தங்கச்சி."

இந்தக் கதை தமிழ்க் கரைகள் இரண்டிலும் பலவிதமாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் படகில் இருந்து கேட்கும்போது எங்களுக்கு வேறொன்று உறைத்தது. இந்த நாட்டில் நாங்கள் ஆரைப் பார்த்தாலும் 'மச்சான்' என்கிறோம். தமிழர் சொல்கிறோம், முஸ்லிம்கள் சொல்கிறார்கள், சிங்களவர் 'மச்சங்' என்கிறார்கள். பஸ்ஸில் சீற் பிடிக்கவும் மச்சான், கடன் கேட்கவும் மச்சான். அந்தச் சொல்லுக்குள் கயிறு பிடிக்கிற பொறுப்பு ஒன்று இருக்கிறது என்று ஒருவரும் நினைப்பதில்லை.

எங்கள் தோழிகள் கதையை அவ்வளவு இலகுவாக விடவில்லை. "அப்ப, கயித்தின்ர மறுமுனையில கட்டியிருக்கிறது அந்தப் பொம்பிளையின்ர வாழ்க்கை. அவளைப் படகில ஏத்தவுமில்லை, கேக்கவுமில்லை" என்றாள் மட்டக்களப்புத் தோழி. ஐயா சிரித்தார், மறுக்கவில்லை. அன்று அந்தப் படகிலிருந்து முதலில் கடலுக்குள் இறங்கியவள் அவள்தான்.

எழுதப்படாத சுழியோடிகள்

இலங்கையில் டைவிங் என்று தேடினால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று ஆர்தர் சி. கிளார்க். அந்த எழுத்தாளர் 1956இல் இங்கே வந்து தங்கியதற்குக் கடலடிதான் பெரிய காரணம். ஸ்கூபா கருவியே புதிது. பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் அதை உருவாக்கியது 1943இல். இதிலெல்லாம் பொய் இல்லை. ஆனால் இந்தக் கரையில் கடலடிக்குப் போய் வருவது நூற்றாண்டுகளாக ஒரு தொழில். அந்தக் கதையில் பெயரோடு இருப்பவர்கள் ஆளுநர்களும் அதிகாரிகளும்தான்.

அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கிற மாளிகையைப் பார்த்தோம். முத்துக்குளிப்பைப் பார்வையிட வந்து தங்குவதற்காக ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு. ஊரவர்கள் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். கதையில் வரும் ஒரு ராணியை நினைவில் வைத்துக்கொண்டு, ஆளுநரை மறந்துவிட்டார்கள். அந்த மறதி எங்களுக்குப் பிடித்திருந்தது. கடல் வருசத்துக்கு வருசம் அந்தக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

அங்கிருந்து தெற்கே மறிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பில் வேலை பார்த்த இளம் வெள்ளைக்கார அதிகாரி லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவர் ஆனவர். வெறும் மணலில் சில வாரத்துக்கு ஒரு நகரமே எழும்பும். அரபுச் சுழியோடிகள், தமிழ், முஸ்லிம் சுழியோடிகள், வியாபாரிகள், எல்லோரையும் மொய்க்கிற இலையான். அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு; மிச்ச ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சுறா வராமல் கடலைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்கிற 'கடல்கட்டி'க்கு அரசே சம்பளம் கொடுத்தது. வெள்ளைக்காரர் மந்திரத்தை நம்பியதால் அல்ல. அவர் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால். இறங்குகிறவர்களின் பயத்துக்கு அன்றைக்கு ஒரு மதிப்பாவது இருந்தது. 1906இலேயே முத்துப் பார்கள் ஒரு கம்பனிக்கு 20 வருசக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பிறகு அந்த அளவில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை.

அதே சிலிண்டர், வேறு விதி

இவ்வளவும் பழைய கதை என்று நினைத்துக்கொண்டு அன்று பின்னேரம் கரையில் இருந்த வாடிக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அங்கே ஒரு அண்ணை இருந்தார். 35 வயதுதான் இருக்கும். தடியை ஊன்றித்தான் எழும்பினார். அட்டை குளித்தவர்.

கடலட்டையை எங்கள் ஊர்களில் ஒருவரும் தின்பதில்லை. காயவைத்துச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது, விலை நல்லது. இந்தியாவில் 2001 முதல் பிடிக்கவே தடை. இங்கே கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதியோடு பிடிக்கலாம். கரையோரத்தில் அட்டை குறையக் குறைய, ஆழத்துக்குப் போக வேண்டி வந்தது. மூச்சுப் பிடித்து இறங்கிய இடத்தில் சிலிண்டர் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினை சிலிண்டர் அண்ணை?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"எவ்வளவு ஆழம்?"

"பதினைஞ்சு பாகம் போவம்."

பதினைந்து பாகம் என்றால் 27 மீட்டர். எங்கள் பயிற்சியாளரின் முகம் மாறியதைக் கண்டோம். காரணத்தை அவர் அன்று இரவு சோடாப் போத்தலை வைத்து விளக்கினார். கடலில் 10 மீட்டருக்கு ஒருமுறை அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டரில் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைகிறது. மெதுவாக வந்தால் மெதுவாக வெளியேறும். சடாரென்று வந்தால், மூடியைத் திறந்த சோடாபோல இரத்தத்திலும் முள்ளந்தண்டிலும் குமிழியாகப் பொங்கும். அதனால்தான் எங்களை ஊர்ந்து ஊர்ந்து மேலே கொண்டுவந்தார்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். கையில் ஆழமும் நேரமும் காட்டுகிற கருவி கட்டியிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு தரத்துக்கு மேல் இறக்கவில்லை. விமானம் ஏறுவதென்றால் ஒரு நாளாவது பொறுக்கச் சொன்னார்கள்.

அந்த அண்ணைக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் டைவிங் பழகியது அவருக்கு முன்னால் குளித்தவரைப் பார்த்து. ஒருநாள் ஐந்தாவது சிலிண்டரோடு மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. "விறைச்சுப் போச்சு. குளிர் எண்டு நினைச்சன்." இப்படியானவர்களைப் போட்டு வைத்தியம் செய்கிற அழுத்த அறை கடற்படையிடம் திருகோணமலையில் இருக்கிறது. நாட்டின் மறுகரையில். அவர் அங்கே போய்ச் சேர்ந்தது அடுத்த நாள். இப்படியான நோயில் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு.

எங்களை இன்று வரை உறுத்துவது இதுதான். படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஹோல்டேன் என்ற உடலியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1908இலேயே வெளியிட்டுவிட்டார்கள். மறிச்சுக்கட்டியின் பெரிய முத்துக்குளிப்பு நின்றது 1907இல். அதாவது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த அறிவு உலகத்தில் இருக்கிறது. சிலிண்டர் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. அறிவு அந்த அண்ணையின் படகுக்கு வரவில்லை. இரண்டு மணித்தியால ஆசைக்குப் போன எங்களுக்கு எல்லாப் பாதுகாப்பும் கிடைத்தது. வயிற்றுக்காக வருசம் முழுக்க இறங்குகிறவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடல் ஒன்று, சிலிண்டர் ஒன்று. முந்திக் கயிறாவது இருந்தது. அதன் மறுமுனையில் ஒரு ஆளாவது நின்றார். இப்போது கயிறும் இல்லை.

சிநேகிதம் என்றால்

எருக்கலம்பிட்டிப் பெடியனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க ஏலாது. கடைசி இரவு மணலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, "உன்ர ஊர் இஞ்சதானே?" என்று சும்மா கேட்டோம். "வாப்பாட ஊர் இஞ்ச. நான் பிறந்தது புத்தளம்" என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் கடல் வழியாகப் படகில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. நாங்கள் அன்று காலையில் சிரித்துக்கொண்டு இறங்கிய அதே கடல். எங்களில் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு. வீட்டிலும் அதிகம் கதைக்கப்படாத வரலாறு. யுத்தத்தில் எங்கள் குடும்பங்கள் இழந்ததைச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் பெயரால் மற்றவர்கள் இழக்க வைக்கப்பட்டதைக் கேட்கத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துத் தோழன் மன்னிப்புப் போல ஏதோ சொல்லத் தொடங்கினான். அவன் மறித்தான்: "நீ அப்ப பிறக்கவே இல்லையே மச்சான். ஆனா கேட்டியே, அது காணும்."

எங்களுக்கு அது காணாது என்றே படுகிறது. காலையில் தண்ணீருக்குள் எங்கள் மூச்சுக்குப் பொறுப்பாக நின்றவன் அவன். நாங்கள் அவனுக்கு எதற்குப் பொறுப்பு என்ற கேள்வி அந்த இரவுதான் வந்தது. பயணத்தில் நண்பர்கள் கிடைப்பது பெரிய காரியமில்லை. இன்ஸ்ராகிராமில் பின்தொடர்ந்து, பிறந்தநாளுக்கு இதயம் போட்டால் முடிந்தது. பஸ் ஏறி வந்த பிறகும் கயிற்றின் ஒரு நுனி கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மறுப்புகளும் பதில்களும்

எழுதுவதற்கு முன் இதை எங்களுக்குள் வாசித்தபோது மூன்று எதிர்ப்புகள் வந்தன. மூன்றும் நியாயமானவை.

ஒன்று: "சுற்றுலா வந்தால் மன்னாருக்குக் காசு வரும்தானே? ஏன் குறை சொல்லுறீங்கள்?" குறை சொல்லவில்லை. வரட்டும். ஆனால் யாருடைய வேலையாக வரும் என்பதைக் கேட்க வேண்டும். இந்தக் கடலை ஐந்து தலைமுறையாகப் படித்தவர்கள் பெட்டி தூக்கவும், வெளியிலிருந்து வந்தவர்கள் பாடம் எடுக்கவும் என்று ஆகிவிடக்கூடாது. தீவில் 2025இலேயே 30 காற்றாலைகள் நின்றன. மேலும் வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கியபோது, கொழும்பில் பலர் கேட்டது 'காற்று சும்மாதானே அடிக்குது' என்பது. வெறும் காற்று, வெறும் மணல், வெறும் கடல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரிகிறது. டைவிங் சுற்றுலாவும் அதே கண்ணோடு வந்தால், அதையும் ஊரவர்கள் மறிக்கத்தான் செய்வார்கள்.

இரண்டு: "அட்டை குளிக்கிறவர்கள் கடலை வறட்டுகிறார்கள். அவர்களுக்காக ஏன் பேச வேண்டும்?" அட்டை குறைந்துவருவது உண்மை. அனுமதிக்கும் அளவுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடலடியையே வாரி அள்ளுகிற இழுவைமடி இரவில் எல்லை தாண்டி வருகிறது. இலங்கைச் சட்டம் அதை 2017இல் தடைசெய்த பிறகும் வருகிறது. அதையும் சேர்த்துச் சொல்லாமல், சிலிண்டரோடு தனியே இறங்குகிற ஒரு ஆளை மட்டும் கடலின் எதிரி என்பது நேர்மை இல்லை. கடலைக் காக்கிறதும் கடலில் இறங்குகிறவரைக் காக்கிறதும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டர் என்று ஒரு விதி வந்தால், முதலில் தப்புவது மனிதர். அடுத்து தப்புவது அட்டை.

மூன்று: "நீங்களும் டூரிஸ்ற்தானே?" ஓம். அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்திலிருந்து கேட்பது நாலு விசயம். அட்டை, சங்கு குளிக்க அனுமதி கொடுக்கிறபோதே தமிழில் பாதுகாப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் அனுமதி இல்லை என்று ஆக்க வேண்டும். மேற்குக் கரையிலும் ஒரு அழுத்த அறை வேண்டும். மன்னாரில் டைவிங் தொழில் வளர்கிறதென்றால், பயிற்றுநர் படிப்புக்கு ஊர்ப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் உதவிப்பணம் கிடைக்க வேண்டும். அந்தப் படிப்பின் செலவை அட்டை குளிக்கிற வீட்டுப் பிள்ளை தனியே கட்ட முடியாது. நாலாவது, எங்களைப்போலப் போகிறவர்களுக்கு: டைவிங் காசு கட்டும்போது, படகில் நிற்கிற ஆளின் பெயரையும் கேளுங்கள். இரவு வாடியில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அவர் சொல்லுகிற கதையைக் கேட்டுவிட்டு, பிறகு படம் போடுங்கள்.

திரும்பி வந்த பிறகு, பயிற்சியாளரின் உதவியோடு ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதினோம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்படி மேலே வருவது, கால் விறைத்தால் என்ன செய்வது. பேசாலைப் பெடியனுக்கு அனுப்பினோம். அவன் அதை வாடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினானாம். போன கிழமை போன் எடுத்தான்.

"மச்சான், உங்கட தமிழ் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. 'அழுத்தமானி' எண்டு எழுதியிருக்கிறீங்கள். கேஜ் எண்டு போடுங்கோ. மீட்டரில சொல்லாதேங்கோ, பாகத்தில சொல்லுங்கோ. இன்னொண்டு, அந்தக் கால் ஏலாத அண்ணை சொல்லச் சொன்னவர். 'தனியே போகாதே' எண்டதைத் தூக்கி மேல போடட்டாம். அதுக்குக் கீழ இன்னொரு வரி சேர்க்கட்டாம்."

என்ன வரி என்று கேட்டோம்.

"'மேல படகில ஒருத்தன் கட்டாயம் நிக்கோணும்.' அவ்வளவுதான்."

திருத்தி அனுப்பிவிட்டோம்.